கெர்னலுக்குப் பொய் இன்டரப்ட் கொடுத்துப் பார்ப்பது எப்படி?

32 பிட் ப்ராசசர் ஒன்றில் சின்னதாக ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் தொடங்கியதிலிருந்து எத்தனை டைமர் துடிப்புகள் ஆகியிருக்கின்றன என்பதை அது ஒரு 64 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டே வருகிறது. நொடிக்கு 1000 துடிப்பு. யாராவது நேரம் கேட்டால் அந்த எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஆனால் ப்ராசசர் தன் எண்களை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டரின் அளவு 32 பிட், அதில் 64 பிட் எண் அடங்காது. இரண்டு துண்டாகத்தான் படிக்க முடியும்: முதலில் மேல் பாதி, அப்புறம் கீழ்ப் பாதி.

மேல் பாதியைப் படித்தாயிற்று. கீழ்ப் பாதியைப் படிப்பதற்குள் டைமர் இன்டரப்ட் (டைமரிடமிருந்து வரும் குறுக்கீடு) வந்துவிடுகிறது. எண்ணில் ஒன்று கூடுகிறது. கீழ்ப் பாதி ஏற்கெனவே விளிம்பில் நின்றிருந்தால் அது பூஜ்யமாகி, மேல் பாதிக்கு ஒன்று ஏறிவிடும். நம் கையில் இருப்பதோ பழைய மேல் பாதி. இனிப் படிக்கப்போவது புதிய கீழ்ப் பாதி. இரண்டையும் ஒட்டினால் கடிகாரம் சட்டென்று 49 நாள் பின்னால் போய் நிற்கும்.

ஏன் 49? கீழ்ப் பாதி நிரம்பி வழிய சுமார் 429 கோடி துடிப்புகள் தேவை. நொடிக்கு 1000 என்றால் அது 49.7 நாள். அதாவது இந்தப் பிழை தலைகாட்டவே 49.7 நாளைக்கு ஒரு வாய்ப்புதான். அந்த ஒரு வாய்ப்பிலும், அடுத்தடுத்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் இன்டரப்ட் வந்து விழுந்தால்தான் பிழை வெளியே தெரியும். கெர்னலைப் பல வாரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் சோதனையில் இது சிக்கவே சிக்காது. இன்டரப்டை நாமே செலுத்திச் சோதிக்கும் வேலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில், இன்டரப்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தமிழில் குறுக்கீடு என்பார்கள், பொருத்தமான சொல்தான். ப்ராசசர் தன் பாட்டுக்கு ஒரு நிரலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்படுகிறது, அல்லது நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பாக்கெட் வருகிறது. அந்தச் சாதனம் இன்டரப்ட் கண்ட்ரோலர் என்ற சில்லுக்குச் சொல்கிறது. அது ப்ராசசருக்குச் சொல்கிறது. ப்ராசசர் நடந்துகொண்டிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, எந்த இடத்தில் நின்றோம் என்பதை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் எழுதி வைத்துவிட்டு, கெர்னலில் அதற்கென்று இருக்கும் செயற்கூறுக்குத் தாவுகிறது. அந்தச் செயற்கூறுதான் ஹேண்ட்லர். வேலை முடிந்ததும், விட்ட இடத்துக்கே திரும்பிவிடும். குறுக்கிடப்பட்ட நிரலுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியக் கூடாது.

எக்ஸ்86 என்ற ப்ராசசர் குடும்பத்தில் (இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்கள்) இதற்கு 256 இடங்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். அதை வெக்டர் என்பார்கள். 0 முதல் 31 வரை ப்ராசசரே தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டது: பூஜ்யத்தால் வகுத்தல், பேஜ் ஃபால்ட் (நினைவகத்தில் இல்லாத பக்கத்தைத் தொடுவது) போன்ற விதிவிலக்குகள். 32-லிருந்து மேலே உள்ளவற்றைச் சாதனங்களுக்குக் கொடுக்கலாம். ஹேண்ட்லர் வேலையை முடித்ததும் ‘முடித்துவிட்டேன், அடுத்ததை அனுப்பு’ என்று கண்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும். இந்தச் செய்திக்கு இஓஐ என்று பெயர். இதை மறக்காதீர்கள், கொஞ்சத்தில் என் மானத்தை வாங்கப்போவது இதுதான்.

இன்டரப்டைக் கண்டு பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1950-களின் பிற்பாதியில் நெதர்லாந்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 என்ற கணினி உருவானபோது, அதற்கான இன்டரப்ட் மென்பொருளை எழுதும் வேலை, பின்னாளில் கணினி அறிவியலின் மேதைகளில் ஒருவராகப் பெயர் பெற்ற எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவிடம் வந்தது. அவரே தயங்கினார். அதுவரை கணினி என்றால் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை. பிழை வந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இன்டரப்ட் வந்ததும் அந்த உத்தரவாதம் போய்விட்டது. எந்த நொடியில் எது குறுக்கிடும் என்று தெரியாத இயந்திரத்தில், நேற்று வந்த பிழையை இன்று திரும்ப வரவழைக்க முடியாது. அவருடைய 1959 முனைவர் பட்ட ஆய்வேடு இந்த வேலையிலிருந்து பிறந்ததுதான்.

சரி, சாதனம் தானாக இன்டரப்ட் அனுப்பட்டும் என்று காத்திருக்காமல் நாமே அனுப்பிப் பார்க்க என்ன வழி?

எக்ஸ்86-இல் கைக்கு முதலில் அகப்படுவது இன்ட் என்ற கட்டளை. இன்ட் 33 என்று எழுதினால் போதும், ப்ராசசர் 33-ஆம் வெக்டரின் ஹேண்ட்லருக்குப் போய்விடும். பழைய 8259 கண்ட்ரோலரை வைத்துக்கொண்டு சொந்தமாகக் கெர்னல் எழுதிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் விசைப்பலகைக்கு இந்த எண்ணைத்தான் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஹேண்ட்லரை எழுதி, இன்ட் 33-ஐ ஒரு சுழலில் ஆயிரம் முறை கூப்பிட்டுப் பார்த்தேன். ஆயிரம் முறையும் சரியாக வந்து போனது. பெருமையோடு உண்மையான விசைப்பலகைக்கு மாறினேன். முதல் விசை திரையில் வந்தது. இரண்டாவது விசை வரவில்லை. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை. ஆனால் மூலையில் கடிகாரம் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது! கெர்னல் செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்றே புரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று.

காரணம் இதுதான். ஹேண்ட்லரில் இஓஐ அனுப்ப மறந்திருந்தேன். இன்ட் கட்டளை கண்ட்ரோலர் பக்கமே போவதில்லை. அது ப்ராசசருக்குள்ளேயே முடிந்துவிடும் சமாசாரம். ஆகவே இஓஐ இல்லாதது அந்தச் சோதனையில் ஒரு குறையாகவே தெரியாது. உண்மையான விசை அழுத்தம் கண்ட்ரோலர் வழியாக வரும். ‘முதல் விசையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது’ என்று அது நினைத்துக்கொண்டு, அதே வரிசையிலும் (சாதனம் கண்ட்ரோலரோடு பேசும் கம்பிக்கு வரிசை என்று பெயர்) அதற்குக் கீழான முன்னுரிமையிலும் உள்ள எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிடும். டைமர் 0-ஆம் வரிசை, விசைப்பலகை 1-ஆம் வரிசை. டைமருக்கு முன்னுரிமை அதிகம் என்பதால் கடிகாரம் தப்பித்தது. மற்ற அத்தனையும் கதவுக்கு வெளியே நின்றன.

இன்ட் கட்டளைக்கு இன்னொரு குறையும் உண்டு. ப்ராசசரில் இன்டரப்ட் அனுமதிக் கொடி என்று ஒரு பிட் இருக்கிறது. சிஎல்ஐ என்ற கட்டளை அதை அணைக்கும், எஸ்டிஐ ஏற்றும். அது அணைந்திருக்கும்போது சாதன இன்டரப்டுகள் உள்ளே வர முடியாது. இன்ட் கட்டளையோ அந்தக் கொடியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கதவைச் சாத்தியிருக்கிறோமா என்று சோதிக்க, சுவருக்குள்ளேயே இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும். ஹேண்ட்லரின் உள்ளடக்கம் சரியா என்று பார்க்க இன்ட் போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

இன்னும் ஒரு படி நிஜமான வழி, கண்ட்ரோலரிடமே சொல்லி அனுப்பச் செய்வது. இன்றைய எக்ஸ்86 ப்ராசசர்களில் ஒவ்வொரு கோருக்கும் (ப்ராசசருக்குள் தனித்து இயங்கும் அலகு) லோக்கல் ஏபிக் என்ற கண்ட்ரோலர் கூடவே இருக்கிறது. அதன் கட்டளை ரெஜிஸ்டரில் ‘இந்த வெக்டரை எனக்கே அனுப்பு’ என்று எழுதினால், அது முறைப்படி காத்திருப்புப் பட்டியலில் ஏறி, அனுமதிக் கொடி ஏறியிருந்தால் மட்டும் உள்ளே வந்து, இஓஐக்காகக் காத்திருக்கும். ஆர்ம் ப்ராசசர் குடும்பத்தின் ஜிஐசி கண்ட்ரோலரிலும் ஓர் இன்டரப்டைக் ‘காத்திருக்கிறது’ என்று மென்பொருளே குறித்துவிடுவதற்கு ரெஜிஸ்டர்கள் உண்டு. என் ஹேண்ட்லரை இந்த வழியில் சோதித்திருந்தால் இரண்டாவது முறையே குட்டு உடைந்திருக்கும்.

லினக்ஸ் போன்ற பெரிய கெர்னலில் வேலை செய்கிறவர்களுக்கு வசதிகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. இன்டரப்ட் செலுத்தும் தேர்வை இயக்கிக் கட்டப்பட்ட கெர்னலில், பிழைதேடலுக்கான டிபக்எஃப்எஸ் கோப்பகத்தில் ஒவ்வோர் இன்டரப்ட் எண்ணுக்கும் ஒரு கோப்பு இருக்கும். அதில் ட்ரிகர் என்று எழுதினால் அந்த இன்டரப்ட் ஒருமுறை செலுத்தப்படும். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு தேர்வு. பல சாதனங்கள் ஒரே இன்டரப்ட் வரிசையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) தன் சாதனத்தை மூடிவிட்டு நினைவகத்தையும் விடுவித்துக்கொண்டிருக்கும்போது, அதே வரிசையில் இருக்கும் பக்கத்துச் சாதனம் இன்டரப்ட் அனுப்பினால் இந்த டிரைவரின் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும். விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் கதை முடிந்தது. பகிர்ந்த இன்டரப்டுகளுக்கான அந்தப் பிழைத்திருத்தத் தேர்வை இயக்கிவிட்டால், டிரைவர் தன் ஹேண்ட்லரை விலக்கிக்கொள்ளும்போது கெர்னலே அந்த ஹேண்ட்லரைப் பொய்யாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கக்கூடிய விபத்து, டிரைவரை நீக்கும் ஒவ்வொரு முறையும் ஒத்திகை பார்க்கப்படுகிறது.

எல்லாவற்றிலும் வசதியானது மெய்நிகர் இயந்திரம். கெர்னலைச் சுற்றி இருக்கும் உலகமே நம் கையில் இருக்கிறதல்லவா. ஒரு கணினியையே மென்பொருளாக நடித்துக்காட்டும் கியூஎமு எமுலேட்டரில், மானிட்டர் என்ற கட்டளை முகப்பில் சென்ட்கீ என்று சொன்னால் விசை அழுத்தம் போகும். என்எம்ஐ என்று சொன்னால் தடுக்க முடியாத இன்டரப்ட் போகும். இன்னும் ஆழத்தில், இன்டெல்லின் மெய்நிகராக்க வசதியில், மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதற்குள் இருக்கும் விருந்தினர் கெர்னலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் 32 பிட் புலம் ஒன்றை நிரப்பலாம். கீழ் 8 பிட்டில் வெக்டர் எண். அடுத்த 3 பிட்டில் வகை: 0 என்றால் வெளி இன்டரப்ட், 2 என்றால் என்எம்ஐ, 3 என்றால் வன்பொருள் விதிவிலக்கு. 31-ஆம் பிட்டை ஏற்றிவிட்டால், விருந்தினரின் அடுத்த கட்டளை ஓடுவதற்கு முன்பே அந்த இன்டரப்ட் நடந்துவிடும். விருந்தினரின் அனுமதிக் கொடி அணைந்திருக்கும்போது வெளி இன்டரப்டைத் திணித்தால் ப்ராசசர் நுழைவையே மறுத்துவிடும். அதனால் ஹைப்பர்வைசர், ‘இவர் கதவைத் திறக்கும் கணத்தில் எனக்குச் சொல்’ என்று கேட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் ஒழுங்காக இதையெல்லாம் செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே கேவிஎம் யூனிட் டெஸ்ட்ஸ் என்ற குட்டிக் கெர்னல்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இன்டரப்ட் சோதனை எழுதக் கற்றுக்கொள்ள அந்த நிரல்களைப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது எப்படிச் செலுத்துவது என்பது மட்டும். செலுத்திய பிறகு எல்லாம் சரியாக நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘கெர்னல் விழவில்லை’ என்பது சோதனை ஆகாது. குறுக்கிடப்பட்ட நிரலுக்கு எதுவுமே தெரியக் கூடாது என்று சொன்னோம் அல்லவா, அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அசெம்பிளியில் சின்னதாக ஒரு நிரல். எல்லா ரெஜிஸ்டரிலும் அடையாளம் தெரிகிற மாதிரி ஒவ்வோர் எண்ணைப் போட்டு நிரப்ப வேண்டும். சுழலில் காத்திருக்க வேண்டும். இன்டரப்ட் வந்து போனதும் ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். ஹேண்ட்லர் ஒரே ஒரு ரெஜிஸ்டரைச் சேமிக்காமல் விட்டிருந்தாலும் உடனே மாட்டிக்கொள்ளும்.

பொது ரெஜிஸ்டர்களோடு நிறுத்திவிடாதீர்கள். மிதவைப் புள்ளிக் கணக்குக்கான பெரிய ரெஜிஸ்டர்களையும் நிரப்பிப் பாருங்கள். நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் நமக்குத் தெரியாமலேயே ஹேண்ட்லருக்குள் அவற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். எக்ஸ்86-இல் திசைக் கொடி என்று ஒன்று உண்டு: நினைவகத்தை நகலெடுக்கும் கட்டளைகள் முன்னோக்கிப் போவதா பின்னோக்கிப் போவதா என்பதை அது சொல்லும். அதைப் பின்னோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு இன்டரப்டை வரவழையுங்கள். நுழைந்தவுடன் கொடியைச் சரிசெய்யாத ஹேண்ட்லர், தன் தரவைத் தலைகீழான திசையில் கொட்டிவிட்டுப் போகும். பொதுவாக யாரும் அந்தக் கொடியைத் தொடுவதில்லை என்பதால் இந்தப் பிழை வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடியது.

64 பிட் எக்ஸ்86-இல் புதிதாகக் கெர்னல் எழுதுகிறவர்களில் பலர் விழும் குழி ரெட் ஸோன். யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகள் பின்பற்றும் அழைப்பு மரபில், வேறு எதையும் கூப்பிடாத செயற்கூறு, ஸ்டாக் சுட்டியை நகர்த்தாமலேயே அதற்குக் கீழே 128 பைட் வரை தன் மாறிகளை வைத்துக்கொள்ளலாம். பயனர் நிரலுக்கு அது பாதுகாப்பானது. கெர்னலுக்குள் இருக்கும்போது இன்டரப்ட் வந்தாலோ, ப்ராசசர் திரும்பும் விவரங்களை 40 பைட்டுக்கு அதே ஸ்டாக்கில், அதே இடத்தில் எழுதிவிடும். மாறிகள் அம்போ. கம்பைலரிடம் ரெட் ஸோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல மறந்தீர்களா என்பதைச் செலுத்திய இன்டரப்ட் ஒன்று சில நொடியில் காட்டிக்கொடுக்கும். செலுத்தாவிட்டால், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மாறி எப்போதாவது மாறிப்போகும், நீங்கள் நினைவகச் சில்லைச் சந்தேகிப்பீர்கள்.

எந்த மாதிரி இன்டரப்டுகளைக் கொடுப்பது? நல்லவற்றை மட்டும் கொடுத்தால் போதாது. யாரும் அனுப்பாமலே வருவதும் உண்டு. பழைய 8259 கண்ட்ரோலரில் ஒரு சாதனம் கோரிக்கையை எழுப்பிவிட்டு, ப்ராசசர் ‘யார்?’ என்று கேட்பதற்குள் பின்வாங்கிவிட்டால், கண்ட்ரோலர் 7-ஆம் வரிசையின் பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடும். கெர்னல் இதை நம்பி இஓஐ அனுப்பினால், நடந்துகொண்டிருக்கும் வேறு ஏதாவது இன்டரப்டின் கணக்கு முடிந்துபோகும். ஆகவே 7-ஆம் வரிசை ஹேண்ட்லர் எது நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் கண்ட்ரோலரின் ரெஜிஸ்டரைப் படித்து, நிஜமா பொய்யா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை: பொய் இன்டரப்டைச் சோதிக்க மட்டும், நான் மேலே திட்டிய இன்ட் கட்டளை கச்சிதமாகப் பொருந்தும். கண்ட்ரோலருக்குத் தெரியாமல் வருவதுதானே அதன் குணம்.

ஒரேயடியாக வந்து குவிவது இன்னொரு வகை. இன்டரப்டை அணைக்காமல் கத்திக்கொண்டே இருக்கும் பழுதான சாதனம் கெர்னலை மூச்சுவிட விடாது. லினக்ஸ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு வரிசையில் வந்த 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் எந்த ஹேண்ட்லரும் ‘இது என்னுடையது’ என்று ஏற்கவில்லை என்றால், ‘யாரும் கவலைப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அந்த வரிசையையே அடைத்துவிடும். உங்கள் கெர்னலிலும் இப்படி ஒரு தற்காப்பு வைத்திருந்தால், அதை நிஜமாகவே ஒரு லட்சம் முறை தட்டிப் பார்த்துச் சோதியுங்கள். தற்காப்பு நிரல்தான் யாரும் ஓட்டிப் பார்க்காத நிரல்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது என்எம்ஐ. அனுமதிக் கொடியை அணைத்தாலும் வரும். பூட்டுகளுக்கு (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி காக்கும் ஏற்பாடு) நடுவில் வரும். ஸ்டாக்கை மாற்றிக்கொண்டிருக்கும் பாதியில்கூட வரும். ஒரே ஒரு தயவு: ஓர் என்எம்ஐ நடக்கும்போது அடுத்ததை ப்ராசசர் நிறுத்தி வைக்கும், ஹேண்ட்லரிலிருந்து திரும்பும் ஐரெட் கட்டளை வரும்வரை. ஆனால் எந்த ஐரெட் என்று ப்ராசசருக்கு வேறுபாடு தெரியாது. என்எம்ஐ ஹேண்ட்லருக்குள் ஒரு பேஜ் ஃபால்ட் நடந்து, அதன் ஹேண்ட்லர் ஐரெட் செய்தால், தடை அப்போதே நீங்கிவிடும். அந்த நேரம் பார்த்து இரண்டாவது என்எம்ஐ வந்து, இரண்டுக்கும் ஒரே ஸ்டாக் என்றிருந்தால், முதலாவது எழுதி வைத்த திரும்பும் விவரத்தின் மேலேயே இது எழுதும். லினக்ஸின் நுழைவு நிரலில் இதற்கென்றே தலைசுற்ற வைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தற்செயலாகச் சோதித்துவிட முடியாது. என்எம்ஐக்குள் வேண்டுமென்றே ஒரு ஃபால்ட்டை உண்டாக்கி, உடனே இன்னொரு என்எம்ஐயை அனுப்பினால்தான் உண்டு.

பூட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெர்னல் ஒரு பூட்டை எடுத்திருக்கும்போது இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லரும் அதே பூட்டைக் கேட்டால், அதே கோர் தன்னைத்தானே காத்துக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க இன்டரப்ட் செலுத்துவது சுற்றுவழி என்பது என் எண்ணம். லினக்ஸின் லாக்டெப் மாதிரி ஒரு கருவி, ‘இந்தப் பூட்டு ஹேண்ட்லருக்குள்ளும் எடுக்கப்பட்டது, இன்டரப்ட் திறந்திருக்கும் வேளையில் வெளியேயும் எடுக்கப்பட்டது’ என்று குறித்து வைத்துக்கொண்டு, மோதல் நடக்காமலேயே எச்சரித்துவிடும். அது இருந்தால் முதலில் அதை இயக்குங்கள்.

இப்போது தொடக்கத்தில் விட்ட கடிகாரத்துக்கு வருகிறேன். அங்கே அபூர்வமானவை இரண்டு: கீழ்ப் பாதி விளிம்பில் இருப்பது ஒன்று, அந்த இடுக்கில் இன்டரப்ட் விழுவது இன்னொன்று. முதலாவதுக்குத் தந்திரம் சுலபம். எண்ணை விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தே தொடங்கிவிட வேண்டியதுதான். லினக்ஸ் நிஜமாகவே இப்படித்தான் செய்கிறது. ஜிஃபீஸ் என்ற அதன் துடிப்பு எண்ணி பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. இயந்திரம் தொடங்கி 5 நிமிடத்தில் அதன் 32 பிட் நிரம்பி வழியும்படி தொடக்க மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. வழிதலைச் சரியாகக் கையாளாத டிரைவர் 49 நாள் காத்திருக்காமல், எழுதியவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் உளறிவிடும்.

இரண்டாவதற்குத்தான் செலுத்தல் வேண்டும், அதுவும் குறிவைத்து. அந்தப் படிக்கும் செயற்கூறில் மொத்தமே பத்து, பதினைந்து கட்டளைகள் இருக்கும். டைமரை ஒரு குறிப்பிட்ட கணத்துக்கு வைத்துவிட்டு, செயற்கூறுக்கு முன்னால் ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், இன்டரப்ட் விழும் இடம் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு கட்டளை நகரும். எண்ணை விளிம்பில் வைத்து, முப்பது ஓட்டம் ஓட்டினால் செயற்கூறின் எல்லா இடுக்குகளையும் தொட்டுவிடலாம். எந்த ஓட்டத்திலாவது கடிகாரம் பின்னால் போனால் பிழை அங்கே.

இதைக் கியூஎமுவில் அப்படியே ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் சிக்காமல் போகலாம், கவனம். கேவிஎம் இல்லாமல் தானே எமுலேட் செய்யும்போது கியூஎமு விருந்தினரின் கட்டளைகளைக் கட்டம் கட்டமாக மொழிபெயர்த்து ஓட்டுகிறது. கிளைத் தாவல் வரும் வரை உள்ள கட்டளைகள் பெரும்பாலும் ஒரே கட்டம். இன்டரப்ட் காத்திருக்கிறதா என்று அது பார்ப்பது கட்டத்தின் வாசலில் மட்டும். நம் இரண்டு படிப்புகளும் ஒரே கட்டத்துக்குள் அடுத்தடுத்து இருப்பதால், அவற்றின் நடுவே இன்டரப்ட் விழ வாய்ப்பே இல்லாத ஓர் உலகத்தில் சோதனை செய்துகொண்டிருப்போம். எமுலேட்டரில் ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் வராத பிழை, உண்மை இயந்திரத்தில் வரும். இதற்கு மருந்து, கட்டத்துக்கு ஒரே கட்டளை என்று கட்டாயப்படுத்தும் தேர்வு. அல்லது ஐகவுண்ட் முறை: அதில் மெய்நிகர் நேரம் ஓடிய கட்டளைகளின் எண்ணிக்கையை ஒட்டியே நகரும், ஷிஃப்ட் பூஜ்யம் என்று வைத்தால் ஒரு கட்டளைக்கு ஒரு நானோநொடி. டைமர் எந்தக் கட்டளையில் வர வேண்டுமோ அங்கே கட்டம் வெட்டப்படும். கூடவே இன்னொரு லாபம், மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில்தான் இன்டரப்ட் விழும். டைக்ஸ்ட்ராவைத் தயங்க வைத்த விஷயம் இங்கே இல்லாமல் போகிறது.

இன்னொரு பொறி ஜிடிபி என்ற பிழைத்திருத்தக் கருவி வைத்திருக்கிறவர்களுக்கு. கியூஎமுவோடு ஜிடிபியை இணைத்து ஒவ்வொரு கட்டளையாக நடத்திப் பார்க்கும்போது, இயல்பாகவே இன்டரப்டுகளும் டைமர்களும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடியிலும் ஹேண்ட்லருக்குள் போய் விழாமல் இருப்பதற்காகச் செய்த உபகாரம். இன்டரப்ட் பிழையைத் தேடுகிறவருக்கோ, தேடுவதையே ஒளித்து வைக்கிற உபகாரம். அந்தத் தேர்வை மாற்றலாம். இல்லையென்றால் அடிவைத்து நடப்பதை விட்டுவிட்டு, நடந்த இன்டரப்டுகளையெல்லாம் பதிவேட்டில் எழுதச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தலாம். இரண்டாவதே எனக்குப் பழகியது. எந்த வெக்டர், எந்த முகவரியில் குறுக்கிட்டது, அப்போது ரெஜிஸ்டர்களில் என்ன இருந்தது என்று எல்லாமே வரிசையாக வந்துவிடும்.

இதே நகர்த்தும் முறையால் பிடிபடும் இன்னொரு அழகான பிழை, தூங்கப்போகும் கெர்னல். வேலை ஏதும் இல்லையா என்று பார்க்கிறது. இல்லை என்றால் ஹால்ட் கட்டளையால் ப்ராசசரைத் தூங்கவைக்கிறது. இன்டரப்ட் வந்தால் விழிப்பு. பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவில் இன்டரப்ட் வந்து வேலை கொடுத்துவிட்டுப் போனால்? எழுப்ப வந்தவர் எழுப்பிவிட்டுப் போய்விட்டார், அதற்கப்புறம்தான் இவர் படுக்கிறார். அடுத்த இன்டரப்ட் வரும்வரை அந்த வேலை அப்படியே கிடக்கும். சரியான முறை: முதலில் சிஎல்ஐ, அப்புறம் வேலை இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லை என்றால் எஸ்டிஐயும் ஹால்ட்டும் ஒட்டினாற்போல் அடுத்தடுத்து. அணைந்திருந்த கொடியை எஸ்டிஐ ஏற்றினாலும், அதற்கு அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை இன்டரப்ட் உள்ளே வராது என்பது எக்ஸ்86-இன் விதி. அதனால் ஹால்ட்டில் நின்ற பிறகுதான் இன்டரப்ட் வரும், வந்ததும் எழுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒரு வெற்றுக் கட்டளையைச் செருகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். டைமரை ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திப் பார்க்கும் சோதனையில், ஏதோ ஓர் ஓட்டத்தில் மட்டும் வேலை முடிய ஒரு துடிப்பு தாமதமாகும். அந்த ஓட்டத்தின் எண், செருகிய கட்டளை எது என்பதையே சொல்லிவிடும்.

கடிகாரப் பிழைக்குத் திருத்தம் இரண்டே வரி. மேல் பாதியைப் படி, கீழ்ப் பாதியைப் படி, மேல் பாதியை இன்னொரு தரம் படி. முதலில் படித்ததும் இதுவும் ஒன்றாக இல்லை என்றால் ஆரம்பத்திலிருந்து மறுபடி படி. திருத்திய பிறகு முப்பது ஓட்டத்தையும் மீண்டும் ஓட்ட வேண்டும், வெற்றுக் கட்டளைகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியே. செயற்கூறு இப்போது நீண்டிருக்கிறது, இடுக்குகளும் கூடியிருக்கின்றன.